எதிர்ச்சரிவு என்னும் திரை

சிவப்புப் புள்ளிகளால் எழுத்து ஓடும் பலகை இல்லாத கடைத்தெரு இன்று தமிழ்நாட்டில் அரிது. நகைக்கடை வாசல், மருந்துக்கடை, கோயில் நன்கொடை அறிவிப்பு, பஸ்ஸின் நெற்றி என எங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் கடைத்தெருக்களும் விலக்கல்ல. ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், அறை வாடகை என்று மாலை நான்கு மணிக்கே மேகமூட்டத்துக்குள் மின்னத் தொடங்கிவிடும். இதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் திரையையும் நகரத்தையும் சேர்த்து வைத்து யோசித்த கலைஞர்கள் கடந்த அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்விகளில் பாதி இந்த மலிவான பலகைக்குள்ளேயே கிடக்கின்றன. அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கடைக்காரர்கள் இதை 'பி10' என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு விளக்குகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஒரு துண்டு 32 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் உயரம். அதில் 512 விளக்குகள். வேண்டிய நீளத்துக்குத் துண்டுகளைச் சேர்த்து, பின்னால் ஒரு சின்னக் கட்டுப்பாட்டு அட்டையை மாட்டினால் பலகை தயார். உயரத்தில் 16 புள்ளிகள் என்பது ஆங்கில எழுத்துக்குத் தாராளம், தமிழுக்கு நெருக்கடி. மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் மூன்று வரிசை போகும். கீழே 'கு', 'மு', 'ழு' இறங்குவதற்கு இன்னும் மூன்று. எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது பத்து வரிசைதான். அந்தப் பத்துக்குள் ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொள்ளும். எது மூன்று சுழி, எது இரண்டு சுழி என்று எண்ண முடியாது. ஆனாலும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் யாரும் நின்று சுழி எண்ணுவதில்லை. பலகை பாதியைத் தருகிறது, மீதியைக் கண்ணும் பழக்கமும் நிரப்பிக்கொள்கின்றன.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. இவ்வகைப் பலகைகளில் பெரும்பாலானவை ஒரு நொடிப்பிசிறில் நான்கில் ஒரு பங்கு வரிசைகளையே ஏற்றுகின்றன. மாறி மாறி அதிவேகத்தில் ஏற்றுவதால் முழுப் பலகையும் எரிவதாகக் கண் நம்பிவிடுகிறது. கைப்பேசி கேமரா அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. அதில் பலகையைப் படம் பிடித்தால் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

அமெரிக்கக் கலைஞர் ஜிம் கேம்பல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலும் கணிதமும் படித்தவர். 2001இல் அவர் செய்த ஒரு படைப்பில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் மனிதர்களும் கார்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அகலத்தில் 32, உயரத்தில் 24, ஆக மொத்தம் 768 சிவப்பு விளக்குகள். நம் கணக்கில் சொன்னால் ஒன்றரைத் துண்டு பி10. அதற்கு முன்னால் ஒளியைக் கலங்கச் செய்யும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சாய்வாக நிறுத்தியிருக்கிறார். தகடு விளக்குகளை ஒட்டியிருக்கும் பக்கத்தில் வெறும் புள்ளிகள் துடிக்கின்றன. தகடு விலகிப்போகும் பக்கத்தில் அதே புள்ளிகள் கரைந்து, ஒரு மனிதர் நடந்து போவது தெளிவாகத் தெரிகிறது. கலங்கக் கலங்கத் தெளிவு கூடுகிறது. கூர்மையான படத்தை விலை கொடுத்து வாங்கிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் விளக்குகளின் கட்டம்தான் உருவத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அதை அழித்ததும் உருவம் வெளியே வந்தது.

அந்தக் கலைஞரே 2018இல் சான் பிரான்சிஸ்கோவின் சேல்ஸ்போர்ஸ் கோபுரத்தின் உச்சியில் ஏறக்குறைய 11,000 விளக்குகளை வைத்தார். 326 மீட்டர் உயரக் கட்டடம். விளக்குகள் வெளியே பார்க்கவில்லை. உள்பக்கம் திரும்பி, கட்டடத்தின் அலுமினியத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் ஊர் பார்க்கிறது. காட்டப்படுவதும் அந்த ஊரின் அன்றாடக் காட்சிகளே. விளம்பரம் ஓட்டினால் கோடிகள் கொட்டும் இடத்தில் இப்படி ஒன்றை அனுமதித்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

மலையில் அந்தப் பிளாஸ்டிக் தகடு தேவையில்லை, மேகமே இறங்கி வந்து பலகைக்கு முன்னால் நிற்கிறது. மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாவற்றையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பலகைக்கும் பார்ப்பவருக்கும் நடுவே மேகம் கொஞ்சமாக இருந்தால் எழுத்து மெழுகியதுபோல வழவழப்பாகும். கூடினால் எழுத்து போய்ச் சிவப்பு மட்டும் நிற்கும். அதற்கும் மேல் போனால் ஒன்றுமே இல்லை. குன்னூரில் கடை வைத்திருப்பவருக்கு இது வியாபார நட்டம். கலைஞருக்கு இலவசமாகக் கிடைத்த கருவி.

இலவசம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆந்தனி மெக்கால் 1973இல் 16 மி.மீ. புரொஜெக்டரை வைத்து ஒரு படைப்பைச் செய்தார். இருட்டறையில் ஒரு புள்ளி மெல்ல வளைந்து, 30 நிமிடங்களில் முழு வட்டமாகிறது. அவ்வளவுதான் சுவரில் தெரிவது. ஆனால் பார்க்க வேண்டியது சுவரை அல்ல, நடுவில் விழும் ஒளிக்கற்றையை. அது சிறுகச் சிறுக ஒரு கூம்பாக வளர, பார்வையாளர்கள் அதற்குள் புகுந்து நிற்கலாம். நியூயார்க்கின் பழைய கிடங்குக் கட்டடங்களில் தூசியும் சிகரெட் புகையும் கூம்பைக் காட்டிக்கொடுத்தன. சுத்தமான அருங்காட்சியகத்தில் போட்டால் காற்றில் ஒன்றும் தெரியவில்லை. புகைமூட்டம் உண்டாக்கும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் அத்தகைய படைப்புகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஜப்பானின் பூஜிகோ நகாயா 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி கூடாரத்தை மூடுபனியால் போர்த்தினார். நுண்துளைக் குழல்களில் உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சிய ஏற்பாடு அது. அவரே பின்னர் காணொளிக் கலையிலும் முன்னோடியானார். 1980இல் டோக்கியோவில் அதற்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்தார். மூடுபனியும் திரையும் ஒருவரிடமே சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டுமே தாங்கிப் பிடிக்க ஏதாவது கிடைத்தால்தான் ஒளியைக் காட்டும்.

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் இயற்கையே இந்தக் காட்சியை நடத்துவதுண்டு. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த அந்தச் சரிவோர நடைபாதையில், முதுகுப்புறம் தாழ்ந்த வெயிலும் முன்புறம் கீழே மேகமும் சேர்ந்து வாய்த்தால், நம் நிழலே பூதாகாரமாக மேகத்தின் மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையமும் இருக்கும். பிராக்கன் பூதம் என்று பெயர். பக்கத்தில் நிற்பவரின் நிழலும் விழும், ஆனால் வளையம் அவரவர் தலைக்கு மட்டுமே அவரவர் கண்ணுக்குத் தெரியும். கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெமர் 2001இல் ராட்டர்டாம் சதுக்கத்தில் வழிப்போக்கர்களின் நிழல்களைக் கட்டடச் சுவர் உயரத்துக்கு வளர்த்துக் காட்டியபோது ஊரே விளையாடியது. அதற்குப் பெரும் விளக்குகளும் கணினியும் வேண்டியிருந்தன.

இனி நகரத் திரைகளின் கதைக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் போதும். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் குழப்பிவைத்துக் காட்டியதிலிருந்து பலரும் தொடங்குவார்கள். வீட்டு மூலையில் சாமி மாதிரி வீற்றிருந்த பெட்டியை ஒரு பொருளாக, கை வைத்துக் கெடுக்கக்கூடிய பொருளாக அவர் மாற்றினார். 1974இல் உயிருள்ள செடிகளுக்கு நடுவே தொலைக்காட்சிகளை மல்லாத்தி வைத்து ஒரு தோட்டமே அமைத்தார். பிறகு திரை தெருவுக்கு வந்தது. 1980 நவம்பரில் கிட் கேலவே, ஷெரி ரபினோவிட்ஸ் இருவரும் நியூயார்க்கில் ஒன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று என ஆளுயரத் திரைகளை நடைபாதையோரம் வைத்து, செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். அறிவிப்புப் பலகை கிடையாது. முதல் நாள் மாலை திகைத்து நின்ற மக்கள், மூன்றாம் நாள் தூரத்து உறவினரைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். இன்று சட்டைப்பைக்குள் இருக்கும் வசதிதான். ஆனால் தெருவில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே நின்று பார்ப்பது வேறு அனுபவம். அது சட்டைப்பைக்குள் வரவில்லை.

1982இல் ஜென்னி ஹோல்சர் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில், எதையும் விற்காத ஒற்றை வரிகளை ஓடவிட்டார். அன்று அது பல்புகளால் ஆன பலகை. நீல எல்இடி 1990களில்தான் பிரகாசமாக எரியத் தொடங்கியது. அதைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகே முழு வண்ணத் திரைகள் கட்டடங்களை விழுங்கின. இப்போது டைம்ஸ் சதுக்கத்தில் தினமும் நள்ளிரவுக்கு முந்தைய மூன்று நிமிடம் திரைகளைக் கலைக்கு விடுகிறார்கள். பாராட்டுகிறார்கள் எல்லோரும். மீதமுள்ள 23 மணி 57 நிமிடம் யாருக்கு என்று கேட்டால் அந்தப் பாராட்டு கொஞ்சம் சுருதி இறங்கும். பிரேசிலின் சாவோ பாவ்லோ வேறு வழியில் போனது: 2007இல் வெளிப்புற விளம்பரங்களையே தடை செய்தது. பலகைகள் இறங்கியதும் அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த குடிசைப் பகுதிகள் கண்ணில் பட்டன.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சொந்த வரலாறு உண்டு. மவுண்ட் ரோட்டில் கையால் வரைந்த சினிமா பேனர்களும் கட்-அவுட்டுகளும் வானத்தை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் நகரமே ஒரு காட்சிக்கூடம்தான். 2000களில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்து அந்த ஓவியர்களின் தூரிகையைப் பிடுங்கியது. ஃப்ளெக்ஸின் இடத்தை இப்போது ஒளித்திரை பிடித்துக்கொண்டு வருகிறது.

நகரத் திரைக் கலையில் அண்மையில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பொருட்படுத்தத் தக்கதாகப் படுவது மும்பையின் கேம்ப் குழுவினருடையது. ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன் முதலியோர் சேர்ந்து நடத்தும் குழு. மத்திய மும்பையில் 35 மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் ஒரே ஒரு கண்காணிப்பு கேமராவை வைத்துப் படம்பிடித்து, அதை ஏழு திரைகளில் 2022இல் காட்டினார்கள். அந்த ஆண்டு தொடங்கிய கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். கேமரா தொலைதூரக் கோபுரங்களிலிருந்து மெல்லத் தலைகுனிந்து, நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரைகளுக்கும் சந்துகளுக்கும் இறங்குகிறது. காவலுக்கென்று வந்த கருவி ஊரை உற்று நோக்கும் கருவியாகிறது. வேவு பார்க்கிறோமே என்ற கூச்சமும் பார்ப்பவரைக் கடைசிவரை விடுவதில்லை.

இந்த இடத்தில்தான் மலை நகரம் வேறுபடுகிறது. சமவெளி நகரம் தன்னைத்தானே பார்க்க முடியாது. தெருவில் நிற்பவருக்கு எதிர்ச்சுவர்தான் தெரியும். ஊர் முழுவதையும் ஒரு படமாகப் பார்க்க 35 மாடி ஏற வேண்டும், அந்த மாடியில் இருப்பவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊட்டியோ தொட்டபெட்டா, ஸ்னோடன், எல்க் ஹில், கிளப் ஹில் என்ற நான்கு குன்றுகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கிறது. வாசலில் நின்றால் எதிர்ச்சரிவு தெரிகிறது. யார் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள், யார் இன்னொரு தளம் எழுப்புகிறார்கள், எந்தத் தோட்டத்தில் கேரட் அறுவடை என்பதெல்லாம் தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கும் சமாச்சாரம். நீலகிரியில் கட்டடங்களின் உயரத்தை விதிகள் 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகின்றன. ஆக, சான் பிரான்சிஸ்கோ பாணியில் கோபுரத் திரைக்கு இங்கே வழியே இல்லை. வழி தேவையுமில்லை. உயரம் நிலத்திலேயே இருக்கிறது.

ஊட்டியிலிருந்து குன்னூர் இறங்கும் சாலையில் கேத்திப் பள்ளத்தாக்கைப் பகலில் பாருங்கள்: காய்கறிப் படிகள், நடுநடுவே ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் வரிசை வீடுகள், பச்சை, ரோஸ், மஞ்சள் என்று அடித்த சிமென்ட் சுவர்கள். இரவில் அதே பள்ளத்தாக்கு விளக்குப் புள்ளிகளாகிவிடுகிறது. 2001இல் பெர்லினில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் குழு, ஒரு பழைய கட்டடத்தின் மேல் எட்டுத் தளங்களின் சன்னல்களுக்குப் பின்னால் விளக்குகளை வைத்து, 144 சன்னல்களையும் ஒரு திரையாக்கியது. வழிப்போக்கர்கள் கைப்பேசியை அழுத்தி அதில் விளையாடவும் செய்தார்கள். கேத்தியின் இரவு அதைவிடப் பெரிய திரைதான். எந்த விளக்கு எப்போது அணையும் என்பதை அடுத்த நாள் முதல் பஸ்ஸும் பள்ளிக்கூடத் தேர்வும் தீர்மானிக்கின்றன.

இதைக் கேட்டதும், அந்த வீடுகளையெல்லாம் விளக்குப் போட்டு அணைக்கச் செய்து ஒரு பிரம்மாண்டக் காட்சி நடத்தலாமே என்று சுற்றுலாத் துறையில் யாருக்காவது தோன்றலாம். தோன்றாமல் இருந்தால் நல்லது. மலைகள் ஏற்கெனவே போதுமான அளவு படமாக்கப்பட்டுவிட்டன. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஒரு குழுவோடு மேலே வந்தார். சில ஆண்டுகளில் கல் பங்களா எழுந்தது, ஓடையை மறித்து ஏரி வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் வந்தன, இங்கிலாந்தை நினைவூட்டும் ஊர்ப்பெயர்கள் வந்தன. மனதில் இருந்த ஒரு படத்துக்கு ஏற்ப நிலம் திருத்தப்பட்டது. சாமுவேல் போர்ன் 1869 வாக்கில் கேமராவோடு வந்து அந்தத் திருத்திய நிலத்தைப் படம் பிடித்தார். பிறகு சினிமா வந்தது. பைக்காரா சாலையில் 'ஒன்பதாவது மைல்' என்றாலே ஷூட்டிங் இடம் என்று பொருள். கொடைக்கானலில் வெள்ளையர் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயரிட்ட பாறைப் பிளவுகள் 1991க்குப் பிறகு ஒரு தமிழ்ப் படத்தின் பெயரால் 'குணா குகை' ஆகிவிட்டன. ஓர் இடம் திரைக்குப் போய், பெயர் மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தது.

இப்போது மலைக்கு வருவதற்கே முதலில் திரையைக் காட்ட வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலில் 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் கைப்பேசித் திரையைச் சன்னல் வழியே நீட்டி, மேலே வந்து அதே திரையின் முதுகை மலைக்குக் காட்டி ஒரு படம். நிலக்காட்சிக்கும் திரைக்கும் உள்ள உறவைப் பற்றிக் கலைக்கூடங்களில் நீளமான குறிப்புகள் எழுதுகிறார்கள். அதற்கெல்லாம் கல்லாறு சோதனைச் சாவடியில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்றால் போதும்.

இந்த மலைக்கும் படத்துக்கும் உள்ள உறவில் பலர் மறந்துவிட்ட அத்தியாயம் ஒன்று உண்டு, என் பார்வையில் அதுதான் முக்கியமானது. படங்கள் இங்கே எடுக்கப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். படச்சுருளே இங்கேதான் செய்யப்பட்டது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் ஊட்டி இந்து நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. குளிர்ச்சியும் தூசி குறைந்த காற்றும் படச்சுருள் தயாரிப்புக்கு ஏற்றவை. கறுப்பு வெள்ளைச் சினிமாச் சுருள், புகைப்படத் தாள், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் நாடெங்கும் போயின. உடைந்த காலின் எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்த குடும்பங்கள் பல, தெரியாமலேயே ஊட்டியில் செய்த திரையைப் பார்த்திருக்கின்றன.

படச்சுருள் செய்வது இருட்டு வேலை. ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பை மெல்லிய தாளில் சீராகப் பூச வேண்டும். பூசும் அறையில் ஒளி துளியும் கூடாது, பட்டால் மொத்தச் சரக்கும் பாழ். சில கட்டங்களில் மங்கிய பாதுகாப்பு விளக்கு, பல கட்டங்களில் அதுவும் இல்லை. வெளியே சுற்றுலாப் பயணிகள் நல்ல வெளிச்சம் தேடி அலைந்த அதே ஊரில், ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காக இருட்டுக்குள் போய் வந்தார்கள். சுவரைத் தடவி, இயந்திரத்தின் சத்தத்தை வைத்து நடமாடக் கற்ற கைகள் அவை. 1990களில் கடன் சுமை ஏறி நிறுவனம் நலிந்ததாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமராவும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் மீதியை முடித்தன. கடைசியில் கதவு அடைபட்டது. ஒளியும் திரையும் பற்றி இந்த மலையில் ஒரு கலைப் படைப்பு எழுமானால் அது ஏரிக்கரையில் தொடங்க வேண்டியதில்லை, அந்த இருட்டறையில் தொடங்கலாம். அங்கே வேலை செய்தவர்கள் பலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், பேச்சுக் கொடுத்தால் சொல்லவும் செய்வார்கள்.

கொடைக்கானலின் பங்கு வேறு. 1901 முதல் இயங்கும் சூரிய ஆய்வகம், நூற்றாண்டுக்கும் மேலான சூரியப் படங்களைக் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் சேர்த்து வைத்திருக்கிறது. அவை இப்போது கணினிக்கு மாற்றப்பட்டுள்ளன. அதே மலையின் ஒலிபரப்புக் கோபுரம்தான் 1980களில் தென் மாவட்டங்களுக்குச் சென்னைத் தொலைக்காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவரை கரையோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினிக்காக மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையைப் பற்றியும் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இழைகளை எண்ணி எண்ணித் தைப்பதால் அதுவே ஆதி பிக்சல் என்று காட்சிக் குறிப்பு எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எண்ணித் தைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தையலுக்கு அதன் சொந்த மதிப்பு இருக்கிறது. கணினியைச் சாட்சிக்கு அழைத்துத்தான் அதைப் பெருமைப்படுத்த வேண்டுமா?

சரிவை ஒரு கருவியாகப் பயன்படுத்தியதற்கு மலையில் இதைவிடச் சிறந்த முன்மாதிரி ஊட்டிக்கு அருகே முத்தோரையில் நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அதை வைக்க வடக்கு தெற்காகச் சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடினார்கள். அந்தச் சாய்வு இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 பாகை இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கருவியின் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கணக்கில் பாதியை மலையே போட்டுவிட்டது. கலைஞர்கள் கற்க வேண்டிய சிக்கனம் இது. ஊருக்குள் ஒரு ராட்சத ஒளித்திரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவது எளிது. சரிவு என்ன செய்யும் என்று முதலில் கேட்பதுதான் அரிது.

கேட்டுப் பார்ப்போம். ஒளிப்பலகைத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: புள்ளி இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் படம் கூடும். பி10 என்றால் 10 மீட்டர். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் என்றால் விளக்குக்கு விளக்கு ஒரு மீட்டர் இடைவெளி போதும். கேம்பலின் 768 புள்ளிகளை அப்படியே எதிர்ச்சரிவில் விரித்தால் 32 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம். ஒரு சிறு தேயிலைத் துண்டு நிலம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் அகலம் முழுநிலவைப்போல மூன்றரை மடங்கு தெரியும். விளக்குக்கு ஒரு வாட் வைத்தாலும் மொத்தம் 768 வாட். விடுதி அறையில் ஒருவர் குளிக்கும்போது எரியும் கீசர் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது. நிறம் சிவப்பாகவே இருக்கட்டும். வெள்ளை, நீல விளக்குகளுக்கு வருகிற அளவு பூச்சிகள் சிவப்புக்கு வருவதில்லை. இரவு முழுவதும் எரிய வேண்டியதுமில்லை; காட்டெருமைகள் தேயிலைக்குள் இறங்கும் நேரத்துக்கு முன் அணைத்துவிடலாம்.

எதைக் காட்டுவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். லொசானோ-ஹெமர் 2019இல் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரஸுக்கும் நடுவே எல்லையின் இரு பக்கமும் ஒளிக்கற்றைகளை வைத்தார். இரு பக்கத்துக் கற்றைகள் வானத்தில் சந்தித்தால் அந்த இருவரும் பேசிக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்கு ஏற்ற யோசனை அது, ஏனென்றால் அதில் பார்க்கிறவர், பார்க்கப்படுகிறவர் என்று பிரிவு இல்லை. அதனால் எதிர்ச்சரிவில் ஓடும் படம் இந்தச் சரிவின் சாலையில் அப்போது நடந்துகொண்டிருப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே ஒரு பலகை, அதில் அந்தப் பக்கத்தவர்கள் நடக்க வேண்டும். 768 புள்ளிகளில் முகம் தெரியாது, நடை தெரியும். குடையா, விறகுச் சுமையா, பள்ளிப் பையா என்பது தெரியும். ஊர்க்காரர்களுக்கு நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிட முடியும், வெளியூர்க்காரர்களுக்கு முடியாது. கேமராவை எங்கே வைப்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, பிடிக்காவிட்டால் எப்போது கழற்றுவது என்பதை இரண்டு பக்கத்து ஊர்க்கூட்டங்களும் முடிவு செய்யட்டும். ஜூனில் தொடங்கினால் பாதி நாட்கள் மேகத்தில் ஒன்றும் தெரியாது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.